கரஞ்ச்காட் ரயிலும் சிவப்புக் காசித் துண்டும்

பழைய சாங்வி, புனே
9-12-2003, செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி பத்ரிநாத்துக்கு, அத்திம்பேர் கல்யாணசுந்தரம் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் அக்கா கிரிஜா, பெண் வைஷாலி, நான் மூவரும் க்ஷேமம். என்னுடைய இடது முழங்காலையும் வலது கண்ணையும் மட்டும் இந்தக் க்ஷேமத்தில் சேர்க்கவில்லை. அவற்றின் கதை கீழே வருகிறது. கோயமுத்தூரில் நீயும் உன் அகத்தில் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பகவானை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் நாலு வார்த்தையில் சொல்ல வேண்டியதை இந்த மனுஷர் எதற்கு நாலு தாளில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது. கூடத்தில் உன் அக்கா இருக்கிறாள். ஆபீஸ் விட்டு வந்தால் வைஷுவும் அங்கேதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கடிதமென்றால் வைஷுவைப் பற்றிப் பயமில்லை, இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். உன் அக்கா மத்தியானம் தூங்குகிற அரை மணியில் இதை எழுதுகிறேன். ஆகையால் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் பொறுத்துக்கொள். மனுஷன் மூன்று நாளாக மிகவும் களைத்துப் போயிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வைஷுவுக்கு நீ பார்த்து அனுப்பிய வரன், உன் தெருக்காரன் சாய்கிருஷ்ணா, ஜாதகம் பொருந்திவிட்டது. இங்கே புனேயிலேயே மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் உத்தியோகம், சிகரெட் கிடையாது, இருபத்தொன்பது வயதில் தலையில் முடியும் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் அவன் குடியிருக்கிற கட்டடத்தில் நம் தமிழ்ச் சங்கத்து மனுஷர் ஒருவர் இருக்கிறார். அவர் உன் அக்காவிடம், ஞாயிற்றுக்கிழமையானால் பையன் விடிகாலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பொழுது சாய்ந்து மூஞ்சியெல்லாம் கரியோடு திரும்பி வருகிறான் என்று சொல்லிவிட்டார். உன்னைக் கேட்டதற்கு, அவன் நீராவி ரயில்களைத் தேடித் தேடிப் போட்டோ எடுக்கிறவன், வேறொன்றும் இல்லை என்றாய். உன் அக்காவுக்கு அந்த "வேறொன்றும் இல்லை" போதவில்லை. "ரயிலைப் பார்க்கப் போறானா, ரயில்ல வேற யாரையாவது பார்க்கப் போறானா, நீங்களே ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்கோ. சும்மாத்தானே இருக்கேள்" என்றாள். ரிடையரான இரண்டு வருஷத்தில் இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியாது.

ஆகவே பையனுக்குப் போன் செய்து, எனக்கும் சின்ன வயதிலிருந்தே ரயில் என்றால் உயிர் என்று ஒரு பொய் சொன்னேன். அவன் உடனே, மாமாவுக்கு அகல ரயில் பாதை பிடிக்குமா, குறுகல் பாதை பிடிக்குமா என்று கேட்டான். எல்லாப் பாதையும் பிடிக்கும் என்றேன். அவ்வளவுதான், அந்த வாரம் பூராவும் பையன் எனக்குத் தினமும் போன் செய்தான். வைஷுவிடம் பேச வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த டிசம்பர் முதல் ஞாயிறு, மலையில் கரஞ்ச்காட் என்ற இடத்தில் இருக்கும் குட்டி ரயிலை, வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, 1917-ஆம் வருஷத்து நீராவி எஞ்சின் போட்டு ஓட்டுவார்களாம். மற்ற நாள் முழுக்க டீசல். மாமா அவசியம் வர வேண்டும் என்றான். அந்த ஊரைத் தேசப்படத்தில் தேடாதே, இருக்காது. புனேயிலிருந்து ஐந்து மணி நேரம் போன பிறகு ரோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறமும் ஒரு மணி நேரம் போனால் கரஞ்ச்காட்.

விடிகாலை நாலரைக்கு டாடா சுமோ வந்து நின்றது. இங்கே கேம்ப் பேட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் முகமது ரஃபீக் என்பவர்தான் இந்தக் கூட்டத்துக்குத் தலைவர். அறுபது வயது இருக்கும், தங்கமான மனுஷர், ஆனால் மடியில் ஒரு அலுமினிய ஏணியை வைத்துக்கொண்டு பிரயாணம் செய்கிறார். அதன் ஒரு முனை ஆறு மணி நேரமும் என் விலாவில் இருந்தது. உன் அக்கா கட்டிக் கொடுத்த புளியோதரை, தயிர்சாதம், வடாம், தண்ணீர்க் கூஜா எல்லாம் என் மடியில். மாமாவாகப் போகிறவன் என்ற முறையில் பையனின் சம்பளம், எதிர்காலத் திட்டம், அமெரிக்கா போகிற உத்தேசம் என்று வரிசையாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் "ஆமாம் மாமா", "இல்லை மாமா" என்று ரெண்டே வார்த்தை. சரி, பேசத் தெரியாத பையன் போலிருக்கிறது என்று, அந்த எஞ்சினில் அப்படி என்ன விசேஷம் என்று மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். நான் செய்த முதல் தப்பு அது. இரண்டு மலை ஏறி இறங்கும்வரை பேசினான். அதன் கொதிகலன் யார் செய்தது, எத்தனை தடவை மாற்றினார்கள், 1958-இல் அது எந்த ஷெட்டில் நின்றது. தன் தாத்தாவைப் பற்றிக்கூட யாரும் இவ்வளவு தெரிந்துவைத்திருக்க மாட்டார்கள்.

போய்ச் சேர்ந்ததும் ரயிலடிக்குத்தான் போவார்கள் என்று நினைத்தேன். ரயில் பார்க்க வந்தவன் ரயிலடிக்குப் போகாமல் வேறெங்கே போவான். அங்கேதான் நமக்கு ஞானம் போதவில்லை. இவர்கள் ஸ்டேஷனை விட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஒரு பாலத்துக்குப் பக்கத்தில், முள்ளுக்காட்டுக்குள் இறங்கினார்கள். அங்கே ஏற்கனவே முப்பது நாற்பது பேர் முக்காலி போட்டுக்கொண்டு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எல்லோரும் படித்தவர்கள், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள். அந்த வரிசைக்கு ஒரு நாலங்குலம் முன்னால் யார் காலை வைத்தாலும் பின்னாலிருந்து ஒரு கனைப்பு வருகிறது. ரஃபீக் பாய் ஏணி மேல் ஏறிக்கொண்டு, படத்தை மறைத்த ஒரு கிளையைச் சணல் கயிற்றால் கட்டி இழுத்துப் பிடித்திருந்தார். எதிரே ஒரு எருமை வந்து தண்டவாளத்தில் படுத்துக்கொண்டது. இவர்களில் இரண்டு பேர் போய், எருமைக்காரனிடம் கையைக் கூப்பிக் கெஞ்சி அதை எழுப்பிவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம்தான் அந்தப் பசங்களில் ஒருவன், எருமை இருந்திருந்தால் படம் நன்றாயிருக்கும் என்றான். மறுபடியும் ஆள் போயிற்று. எருமை வர மறுத்துவிட்டது.

பதினொரு மணிக்கு வர வேண்டிய ரயில் ஒன்றேகாலுக்கும் வரவில்லை. உட்கார இடமில்லை. சரிவில் ஒரு கல்லைப் பார்த்து உட்காரப் போனவன் அப்படியே சறுக்கிக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டேன். முழங்கால் சமாசாரம் இதுதான். செருப்பு வார் அறுந்தது. சாய்கிருஷ்ணா இறங்கி வந்து, என்னைக் கைத்தாங்கலாக ஏற்றி, பாதத்திலிருந்து முள்ளை எடுத்து, தன் பையிலிருந்த ரப்பர் செருப்பைக் கொடுத்தான். அது எனக்கு ரெண்டு அங்குலம் நீளம். அன்று பூராவும் அதை இழுத்துக்கொண்டே நடந்தேன். பிறகு ஒரு வழியாகத் தூரத்தில் சங்கு ஊதுகிற மாதிரி விசில் கேட்டது. நாற்பது பேரும் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். ரயில் வந்தது, பத்ரி. பச்சையாக, சின்னதாக, மூச்சு வாங்கிக்கொண்டு, அழகாகத்தான் வந்தது. சரியாக அது பாலத்துக்கு வந்த சமயம் பார்த்து சூரியனுக்கு முன்னால் ஒரு துண்டு மேகம் வந்தது. எல்லோரும் "சே" என்று கேமராவை இறக்கிவிட்டார்கள். ரயிலை ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளிச்சம் போயிற்றாம். போதாததற்குப் புகை வெள்ளையாக வந்துவிட்டதாம், கறுப்பாக வந்திருக்க வேண்டுமாம். மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டு வந்ததை வேண்டாம் என்று சொல்கிற கூட்டத்தை அங்கேதான் பார்த்தேன். நம் வீட்டுக்கு வந்து கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்றவர்களின் ஞாபகம் வந்தது எனக்கு.

இதற்கப்புறம் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலில் ஏறினோம். அதிலேயே மேலே போய், உச்சிக்குக் கீழே ஒரு பெரிய வளைவில் எல்லோரும் இறங்கிவிட வேண்டுமாம். ரயில் காலியாக அரை கிலோமீட்டர் பின்னால் போய், அங்கிருந்து முழு வேகத்தில் புகையைக் கக்கிக்கொண்டு மேலே ஏறி வருமாம். அதை எல்லோரும் கீழே நின்று படம் எடுப்பார்களாம். அதுதான் அன்றைய தினத்தின் உச்சம், அதற்காகத்தான் இவர்கள் வருஷம் பூராவும் காத்திருக்கிறார்கள் என்று பையன் வண்டியிலேயே எனக்கு விளக்கிச் சொன்னது வாஸ்தவம். நான் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதும் வாஸ்தவம். என் கவலை வேறு. பெட்டி தீப்பெட்டி அளவு. நாற்பது பேர். நான் பிளாட்பாரத்திலிருந்தே ஜன்னல் வழியாக என் காசித் துண்டைப் போட்டு, நல்ல நிழல் பக்கமாக நாலு இடம் பிடித்துவிட்டேன். உனக்கே தெரியும், 1971-இல் உன் அக்காவைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிக்கொண்டு புனே வந்ததிலிருந்து, மெட்ராஸ் மெயிலானாலும் சரி, பஸ்ஸானாலும் சரி, நான் துண்டு போட்டுப் பிடித்த இடம் ஒன்றுகூடப் போனதில்லை. அந்தத் துண்டு நல்ல ரத்தச் சிவப்பு, தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று உன் அக்கா பார்த்து வாங்கினது.

வளைவு வந்தது. எல்லோரும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சாய்கிருஷ்ணா வந்து, "மாமா, இறங்கணும்" என்றான். முழங்கால் வேறு வீங்கிவிட்டது, வெயில் வேறு. இறங்கினால் திரும்பி ஏறும்போது இடம் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள். நீ போய் எடுத்துக்கோப்பா, நான் இடத்தைப் பார்த்துக்கறேன் என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அதற்குள் வெளிச்சம் சரியாகிவிட்டது என்று ரஃபீக் பாய் கூப்பிட, ஜன்னல் பக்கம் வராமல் உள்ளே தள்ளி உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினான். பெட்டிகள் காலியா என்று எஞ்சின் டிரைவரே இறங்கி வந்து பார்த்தார். என்னைப் பார்த்து இந்தியில் ஏதோ ஆரம்பித்தவர், என் நெற்றியையும் கூஜாவையும் பார்த்துவிட்டு, "சாமி நம்மூரா?" என்றார். மாடசாமி என்று பெயர். இந்த ஊர் ஷெட்டில் நீராவி எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர் யாரும் இப்போது இல்லை என்று, ஊட்டி ரயிலில் இருந்தவரை வரவழைத்திருக்கிறார்களாம். ஒரு வாரமாகத் தமிழ் பேச ஆளில்லாமல் வாய் மூடிக் கிடந்த மனுஷர். புளியோதரை ஒரு பொட்டலம் கொடுத்தேன். முழங்காலைக் காட்டினேன். "நீங்க பாட்டுக்கு உக்காருங்க சாமி, பின்னால போயிட்டு முன்னால வர்றதுதானே" என்றார். தமிழன் தமிழனுக்குச் செய்த அந்தச் சின்ன உபகாரத்தால்தான் எல்லாம் கெட்டது.

ரயில் பின்னால் போயிற்று. நின்றது. பிறகு கிளம்பிற்று பார். உடம்பெல்லாம் ஆடுகிறது, காதைப் பிளக்கிற சத்தம், ஜன்னல் வழியாகக் கரித்தூள் வந்து வலது கண்ணில் விழுந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், இனிமேல் அதைப் போட முடியாது. ஜன்னல் கட்டையில் தலை வேறு இடித்தது. அன்று பொழுதில் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்கூட நான் சந்தோஷமாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. வளைவு திரும்பினதும் கீழே சரிவில் நாற்பது பேரும் தெரிந்தார்கள். என்னைப் பார்த்ததும் நாற்பது பேரும் ஒரே சமயத்தில் கையைத் தூக்கி ஆட்டி, "காகா, காகா" என்று கத்தினார்கள். இந்த ஊரில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். உள்ளே போய்த் தொலையுங்கள் என்றுதான் மராட்டியில் கத்தியிருக்கிறார்கள். அந்த இரைச்சலில் எனக்கு என்ன கேட்கும். பரவாயில்லையே, முழங்கால் வலியோடு வந்திருக்கிற பெரியவரை இவ்வளவு அன்பாக வரவேற்கிறார்களே என்று நினைத்தேன். பதிலுக்குக் கையை ஆட்டினேன். அவர்கள் இன்னும் பலமாக ஆட்டினார்கள். வெறும் கை தெரியவில்லை போலிருக்கிறது என்று, இடத்திலிருந்து துண்டை உருவி, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, நன்றாக ஆட்டினேன்.

சிவப்புத் துணி, பத்ரி. ஓடுகிற ரயிலில். கடைசிப் பெட்டியில் கார்டு ஒருத்தர் இருக்கிறார் என்பதும், முன்னால் யாரோ சிவப்பைக் காட்டினால் காரணம் கேட்காமல் பிரேக்கைப் பிடிப்பதுதான் அவர் உத்தியோகம் என்பதும் எனக்குத் தெரியாதா. முப்பத்திரண்டு வருஷம் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்தவன் நான். அந்த நேரத்துக்குப் புத்தி வேலை செய்யவில்லை. ரயில் ஒரு முக்கல் முக்கி, நாற்பது கேமராவுக்கும் நட்ட நடுவில் நின்றது. மேலே வந்துகொண்டிருந்த புகை அப்படியே சுருண்டு அடங்கிப் போயிற்று. மாடசாமி எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்தார். கார்டு கொடியோடு ஓடி வந்தார். சரிவில் ஒருத்தர் முக்காலியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நாகபுரியிலிருந்து இதற்காகவே வந்தவராம். எல்லோரும் கேமராவை இறக்கிவிட்டார்கள். சாய்கிருஷ்ணா மட்டும் கண்ணிலிருந்து கேமராவை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான். கோபத்தில் மரத்துப் போய்விட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு தடவை ஓட்டலாமா என்று போய்க் கேட்டார்கள். எஞ்சினில் தண்ணீர் போதாது, டீசல் எஞ்சின் கீழே காத்திருக்கிறது, மணியாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். இனி அடுத்த வருஷம்தான். யாருடைய ஆள் இந்தக் காகா என்று ஒருவர் கேட்டார். நான் கூஜாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாய்கிருஷ்ணா முன்னால் வந்து, என்னோடு வந்தவர் என்றான். அப்புறம் அவனை அவர்கள் பேசின பேச்சை நான் எழுதப் போவதில்லை.  திரும்பி வரும்போது ஆறு மணி நேரம் சுமோவில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. ரஃபீக் பாய் ஏணியைக்கூட என் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார். நடுவழியில் ஒரே ஒரு தடவை பையன் திரும்பிப் பார்த்து, "மாமா, சாப்பிட்டேளா?" என்று கேட்டான். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது நீ செய்ய வேண்டியது என்னவென்றால், அவன் அகத்தில் போய், ஜாதகத்தை இங்கே இன்னொருவரிடம் காட்டினதில் ஏதோ கொஞ்சம் இடிக்கிறது என்று பதமாகச் சொல்லி இதை இத்தோடு முடித்துவிடு. காரணம் கேட்டால் எனக்கு இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, இவ்வளவு நடந்தும் கோபமே வராத பிள்ளைக்குக் கோபம் என்றைக்கு வருமோ, யார் மேல் வருமோ. இரண்டு, வருஷம் பூராவும் ஏதாவது ஒரு முள்ளுக்காட்டில் ஒரு நிமிஷப் புகைக்காக நிற்கிறவன் அவன். என் பெண் வீட்டில் அவனுக்காக நின்றுகொண்டிருப்பாள். காத்திருந்து காத்திருந்தே அவள் ஆயுசு போக வேண்டுமா.

இதெல்லாம் வெளியில் சொல்கிற காரணம். உன்னிடம் மறைப்பானேன். அவர்கள் வேண்டாமென்று சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருத்தர் பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை என்றார். ஒருத்தர் உயரம் என்றார். மூன்றாமவர் ஒன்றுமே சொல்லவில்லை, நாங்கள்தான் இரண்டு மாதம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவையும் வைஷு எங்களுக்காகச் சிரித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். இருபத்தேழு வயதாகிறது. நாலாவது ஆளும் வேண்டாம் என்று சொல்லி, அதுவும் அவளால் இல்லாமல் அவள் அப்பாவால் என்று ஆனால், அந்தச் சிரிப்பை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது, பத்ரி. உன் அக்காவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் பார்த்தேன், பையன் ரயிலைத்தான் பார்க்கிறான், வேறு யாரையும் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சட்டையைப் பார்த்துவிட்டு அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

உன் அக்கா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. முடித்துக்கொள்கிறேன். குழந்தைகளுக்கு என் முத்தங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுசும், நல்ல முழங்காலும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
மிகவும் அலுத்துப் போன
அத்திம்பேர் கல்யாணசுந்தரம்

பி.கு. (14-12-2003, ஞாயிறு): முழங்கால் வீக்கத்தில் தபால் பெட்டி வரை நடக்க முடியாமல் இந்தக் கடிதம் இங்கேயே கிடந்தது. பகவான் காப்பாற்றினார். மேலே நாலு தாளில் எழுதியிருப்பதை நீ நம்ப வேண்டாம். அவன் அகத்துப் பக்கம் போய்விடாதே, அல்லது போ, ஆனால் ஜாதகம் இடிக்கிறது என்று மட்டும் வாயைத் திறக்காதே. நேற்றுச் சாயங்காலம் சாய்கிருஷ்ணா வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பெரிய கவர். சரி, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கவரை உன் அக்காவிடம் கொடுத்தான். ரஃபீக் பாய் தன் கையால் பெரிதாகப் போட்டுக் கொடுத்த படம். அதில் எஞ்சின் இல்லை, பத்ரி. ஒரு ஜன்னல், பின்னால் கொஞ்சம் புகை, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, துண்டைத் தலைக்கு மேலே வீசிக்கொண்டு, கடைவாய்ப் பல் இல்லாதது தெரியத் தெரிய, கண்ணெல்லாம் இடுங்கச் சிரித்துக்கொண்டு நான். மூஞ்சி பூராவும் கரி. அன்று ஒரு நிமிஷம்கூட சந்தோஷமாக இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அது சுத்தப் பொய். அந்த ஒரு நிமிஷம் இருந்த மாதிரி நான் என் ஆயுசில் இருந்ததில்லை. அதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது.

உன் அக்கா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம கல்யாணத்துல கூட நீங்க இப்படிச் சிரிக்கலையே" என்றாள். வைஷு படத்தை வாங்கிப் பார்த்தாள். பையன் என்னிடம், "எஞ்சின் அடுத்த வருஷமும் வரும் மாமா. அதான் அதை விட்டுட்டேன்" என்றான். அவ்வளவுதான் பேசினான். வைஷு படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அவளுடைய அரைகுறைத் தமிழில் அவனைக் கேட்டாள்: "இருபத்தேழு வருஷம் கூட இருந்து நான் அப்பாவை இந்த மாதிரி பார்க்கலை. நீங்க எப்படிப் பார்த்தீங்க?" அவன் காபியைக் கீழே கொட்டினான். அவள் சிரித்தாள். எங்களுக்காகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. மூன்று வீட்டார் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நேற்றுத்தான் அவள் ஒருத்தரை நிமிர்ந்து பார்த்தாள், நானும் உன் அக்காவும் சமையலறைக்குப் போய்விட்டோம்.

தையில் முதல் முகூர்த்தத்தையே பார். தாமதம் வேண்டாம்.